டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி எறியுமுன்
பழைய கார் வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்



அம்பாசடரோ, மோரிஸ் மைனரோ, ஹெரால்டோ, எம்.ஜி.யோ, பாயிண்டும் கண்டென்சரும் வைத்து ஓடுகிற காலத்து வண்டி உங்கள் வீட்டில் நின்றால் இந்த மடல் உங்களுக்குத்தான். பெயின்ட்டுக்கும் குரோமுக்கும் சீட் துணிக்கும் நீங்கள் செய்கிற செலவைக் குறை சொல்ல வரவில்லை. வண்டி இழுக்கவில்லை, மேடேறினால் கொதிக்கிறது, லிட்டருக்கு இவ்வளவுதான் கொடுக்கிறது என்ற பேச்சு வந்ததும் நீங்கள் செய்கிற காரியங்களின் வரிசையைப் பற்றித்தான் எனக்கு ஆதங்கம். முதலில் கார்புரேட்டரைக் கழற்றுகிறீர்கள். பிறகு பெட்ரோலைத் திட்டுகிறீர்கள். அதற்கும் பிறகு யாரோ சொன்னார் என்று டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்றி மூலையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வரவழைக்கிறீர்கள். அதற்குள் இருக்கிற அட்வான்ஸ் வேலை செய்கிறதா என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

பழைய வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். என் கைக்கு வருகிற டிஸ்ட்ரிபியூட்டர்களில் பாயிண்ட் புதிதாக இருக்கும், கண்டென்சர் புதிதாக இருக்கும், ரோட்டார் பளபளக்கும். அடித்தட்டைத் தூக்கினால் கீழே இரண்டு எடைகளும் துருவும் பிசுக்கும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். அப்படிப்பட்ட வண்டியும் ஸ்டார்ட் ஆகும், ஐடிலிங்கில் அழகாக நிற்கும். அதனால்தான் யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வருவதில்லை.

அந்த எடைகளுக்கு அங்கே என்ன வேலை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கில் பொறி பாய்ந்ததும் கலவை வெடிக்கிறது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். ஒழுங்காக ஓடுகிற இன்ஜினில் அது வெடிப்பதில்லை, எரிகிறது. பிளக் முனையில் பற்றிய தீ எரியறையின் மறு ஓரத்துக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும். அது ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு பங்கு அளவிலான நேரம்தான். ஆனால் அந்த நேரத்தில் கிராங்க் சும்மா நிற்பதில்லை. பிஸ்டன் உச்சியைத் தொட்டுத் திரும்பி, கிராங்க் சுமார் 15 டிகிரி தாண்டும்போது அழுத்தம் உச்சத்துக்கு வந்தால்தான் தள்ளுகிற தள்ளு முழுசாக வேலையாகும். ஆகவே பிஸ்டன் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பொறியைக் கொடுத்துவிட வேண்டும். இப்படி முந்திக் கொடுப்பதைத்தான் அட்வான்ஸ் என்கிறோம். எவ்வளவு முன்னால் என்பதுதான் கேள்வி.

நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐடிலிங் ஓடும்போது, ஆயிரத்தில் இரண்டு பங்கு நொடியில் கிராங்க் ஏறத்தாழ 10 டிகிரி திரும்புகிறது. 4000 சுற்றில் அதே நேரத்தில் 48 டிகிரி திரும்பிவிடும். நிறுத்தத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்த, மெதுவாகப் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கிட்டத்தில் வந்து விசில் கொடுத்தால் போதும். அறுபதில் பறக்கிற பஸ்ஸில் அதே இடத்தில் விசில் கொடுத்தால் பயணி அடுத்த ஊரில்தான் இறங்குவார். பொறிக்கும் அதே நியாயம்தான். வேகம் கூடக்கூட முன்கூட்டியே வர வேண்டும். நல்லவேளையாக, வேகம் கூடினால் சிலிண்டருக்குள் கலவை அதிகமாகக் கலங்கிச் சுழல்கிறது, தீயும் வேகமாகப் பரவுகிறது. அதனால் 48 டிகிரி வரை போக வேண்டியதில்லை. இந்த வகை இன்ஜின்கள் பலவற்றுக்கு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்த நிலையில் 30 டிகிரியை ஒட்டிய அட்வான்ஸ் போதுமானதாக இருக்கிறது.

வேகம் ஒரு பாதிதான். மறுபாதி, இன்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்பது. சமதரையில் ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டு போகும்போது சிலிண்டருக்குள் போகிற கலவை குறைவு, நெருக்கமும் குறைவு. அது மெதுவாகத்தான் எரியும். அதற்கு இன்னும் முன்னால் பொறி வேண்டும். அதே வேகத்தில் மேடு வந்து மிதியை முழுக்க அழுத்தினால், சிலிண்டர் நிறையக் கலவை போகும், அது சீக்கிரம் எரியும். அப்போது பழைய அட்வான்ஸையே வைத்திருந்தால் பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே அழுத்தம் எகிறி, கலவையின் மிச்சம் தானே பற்றி, கொட்டாங்கச்சிக்குள் கூழாங்கல் உருட்டின மாதிரி ‘டக டக’ என்று தட்டும். அந்தத் தட்டலைத் தொடரவிட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும் வரை கொண்டுபோய் விடும். ஆக, ஒவ்வொரு பொறிக்கும் முன்னால் இரண்டு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: எவ்வளவு வேகம்? எவ்வளவு பாரம்? நான்கு சிலிண்டர் இன்ஜின் 4000 சுற்றில் ஓடும்போது ஒரு நொடிக்கு 133 பொறி. அந்த 133க்கும் விடை சொல்கிற பொறுப்பு டிஸ்ட்ரிபியூட்டருடையது.

ஆரம்பத்தில் இந்தப் பொறுப்பு ஓட்டுநரின் கையில் இருந்தது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி காரில் ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழே இடப்பக்கம் ஒரு லீவர் இருக்கும், அது பொறிக்கு. வலப்பக்கம் இருப்பது பெட்ரோலுக்கு. பொறி லீவரை மேலே ஏற்றினால் தாமதம், கீழே இறக்கினால் அட்வான்ஸ். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யுமுன் லீவரை மேலே ஏற்றிவிட வேண்டும். மறந்தால், பிஸ்டன் உச்சிக்கு வருமுன்னே கலவை எரிந்து இன்ஜின் பின்னோக்கி உதைக்கும். ஹேண்டில் பிடித்த மணிக்கட்டு முறியும். ஓடத் தொடங்கிய பிறகு சத்தத்தைக் கேட்டபடி, மேட்டையும் பள்ளத்தையும் பார்த்தபடி, லீவரை ஏற்றி இறக்கிக்கொண்டே போக வேண்டும். 1927 கடைசியில் வந்த மாடல் ஏ காரிலும் இடப்பக்கம் அந்த லீவர் தொடர்ந்தது. அன்றைய நல்ல ஓட்டுநர் என்பவர் காதாலும் ஓட்டியவர்.

அந்தக் காதுக்குப் பதிலாக வந்தவைதான் நீங்கள் கவனிக்காமல் விடுகிற இரண்டு பாகங்கள்: வேகத்துக்கு எடைகள், பாரத்துக்கு வேக்குவம் யூனிட். நமக்குப் பழக்கமான லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரையே எடுத்துக்கொள்கிறேன். 1950களிலும் 60களிலும் வந்த பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவை இதைத்தான் சுமந்தன. அவற்றின் வழிவந்த நம் ஊர் வண்டிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. 1961இல் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் தொடங்கிய பிறகு இந்தப் பெயர் நம் மெக்கானிக்குகளுக்கு அன்றாடப் பெயராகிவிட்டது. 25டி4 என்ற வகை அதில் பரவலானது.

மூடியின் இரண்டு கிளிப்பை விலக்கித் தூக்குங்கள். ரோட்டாரைப் பிடுங்குங்கள். நடுவே நான்கு முகமுள்ள கேம், பக்கத்தில் பாயிண்ட், ஓரமாகக் கண்டென்சர். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். இவை உட்கார்ந்திருக்கும் அடித்தட்டுக்குக் கீழேதான் விஷயம். டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஒரே துண்டு அல்ல. கீழ்த்தண்டு இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் கணக்குப்படி கிராங்க்கின் பாதி வேகத்தில். கேம் அதன் தலையில் தனியாகச் செருகப்பட்டு, சில டிகிரி மட்டும் முன்னே திரும்பும்படி சுதந்திரமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாலமாக இருப்பவை அரை நிலா வடிவில் இரண்டு எடைகளும் இரண்டு சிறு ஸ்பிரிங்கும். வேகம் கூடினால் எடைகள் வெளியே விரியப் பார்க்கும். ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும். எடைகள் ஜெயிக்கிற அளவுக்குக் கேம் தண்டைவிடக் கொஞ்சம் முந்தித் திரும்பும். பாயிண்ட் முந்தித் திறக்கும். திறக்கிற கணத்தில்தான் பொறி என்பதால் அதுவும் முந்தி வரும். நீராவி இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்த ஜேம்ஸ் வாட் 1788இல் பயன்படுத்திய சுழலும் குண்டுகளின் வம்சம்தான் இது.

அந்த ஸ்பிரிங் இரண்டும் ஒன்றுபோல இருக்காது, பார்த்திருக்கிறீர்களா? ஒன்று மெல்லியது, ஆரம்பம் முதலே இழுவையில் இருக்கும். மற்றது தடிமன், அதன் கொக்கி நீள்வட்டமாக, ஆணியில் தொளதொளவென்று மாட்டியிருக்கும். இளம் மெக்கானிக் பலர் இதைப் பார்த்து, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக் கொக்கியை நெருக்கி விடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தத் தொளதொளப்பு வேண்டுமென்றே வைத்தது. குறைந்த சுற்றில் மெல்லிய ஸ்பிரிங் மட்டும் எதிர்க்கும், அட்வான்ஸ் வேகமாக ஏறும். ஓரளவு விரிந்த பிறகு தடித்த ஸ்பிரிங்கும் சேர்ந்துகொள்ளும், ஏற்றம் மட்டுப்படும். வேகத்தோடு தீயும் வேகமெடுக்கிறது என்று மேலே சொன்னேனே, அந்தக் கணக்கை இந்தக் கொக்கியின் நீளத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் விரியக்கூடாது என்று ஒரு தடுப்பும் உண்டு. எத்தனை டிகிரியில் தடுக்கும் என்பதும் கேமின் அடிப்பாகத்தில் எண்ணாகப் பொறித்திருக்கும். அது டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி. கிராங்க் டிகிரி வேண்டுமென்றால் இரண்டால் பெருக்குங்கள். 12 என்று இருந்தால் 24.

பாரத்தைக் கவனிப்பது பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் வட்டத் தகர டப்பா, வேக்குவம் யூனிட். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதற்கு எதிராக ஒரு ஸ்பிரிங். அதிலிருந்து மெல்லிய குழாய் கார்புரேட்டருக்குப் போகிறது. அங்கே திராட்டில் தகடு மூடியிருக்கும்போது அதன் ஓரத்துக்குச் சற்று வெளியே இருக்கும்படி துளையிட்டிருப்பார்கள். ஐடிலிங்கில் துளையில் உறிஞ்சல் இல்லை. லேசாக மிதித்ததும் தகடு துளையைத் தாண்டுகிறது, உறிஞ்சல் பலமாகிறது, சவ்வு அடித்தட்டை இழுத்துக் கேம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்புகிறது. பாயிண்ட் இன்னும் முந்தித் திறக்கிறது. முழுக்க மிதித்தால் உறிஞ்சல் விழுகிறது, ஸ்பிரிங் தட்டைத் திருப்பி அனுப்புகிறது, அட்வான்ஸ் குறைகிறது. மேடு வந்ததை யாரும் அதற்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த டப்பாவின் மேலும் எண் இருக்கும். ஆரம்பகால எம்.ஜி.பி. காரில் 5-13-10 என்று பொறித்திருக்கும். பாதரச அளவில் 5 அங்குல உறிஞ்சலில் வேலையைத் தொடங்கி, 13 அங்குலத்தில் முடித்து, அதிகபட்சம் 10 டிஸ்ட்ரிபியூட்டர் டிகிரி, அதாவது 20 கிராங்க் டிகிரி கொடுக்கும் என்று பொருள். நிற்கையில் வைத்த 10, எடைகள் தருகிற 20, அதன் மேல் வேக்குவம் தருகிற 20. சமதரையில் சாவகாசமாகப் போகும்போது அந்த வண்டிக்கு 50 டிகிரி அட்வான்ஸ் கிடைக்கிறது. மிதியை அழுத்தினால் அடுத்த கணம் 30. இதில் எந்தப் பாகம் செத்தாலும் வண்டி நிற்காது. சத்தமில்லாமல் நோயாளி ஆகும்.

எடைகள் ஒட்டிக்கொண்ட வண்டியின் கதை இப்படி. ஐடிலிங்கில் வைத்த 10 டிகிரிதான் 4000 சுற்றிலும். தீ தாமதமாகப் பற்றி, பிஸ்டன் பாதிதூரம் இறங்கிய பிறகும் எரிந்துகொண்டிருக்கும்; எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் நெருப்பு மிச்சமிருக்கும். சக்கரத்துக்குப் போக வேண்டிய சூடு வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் தண்ணீருக்கும் போகும். வண்டி இழுக்காது, ரேடியேட்டர் கொதிக்கும். நீங்கள் ரேடியேட்டரைக் கழற்றி ராடு போடக் கொடுப்பீர்கள். வேக்குவம் சவ்வு கிழிந்த வண்டியில் இழுவை குறையாது, மைலேஜ்தான் போகும். லேசான மிதியில் வண்டி மந்தமாக இருக்கும். அப்போது கார்புரேட்டர் ஜெட்டை மாற்றுவீர்கள். மெல்லிய ஸ்பிரிங் அறுந்த வண்டியில் அட்வான்ஸில் நல்ல பங்கு ஐடிலிங்கிலேயே வந்துவிடும். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பைத் திருப்பிப் பின்னுக்குத் தள்ளினால் தட்டுவது நிற்கும், ஆனால் வேகத்தில் உயிர் இருக்காது. அதற்குப் பெட்ரோல் பங்க்காரரைத் திட்டுவீர்கள்.

நம் பட்டறைகளில் காதால் டைமிங் வைக்கிற கலையை நான் மட்டமாகப் பேசமாட்டேன். டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை மெல்லத் திருப்பி, இன்ஜின் சத்தம் கூர்மையாகும் இடத்தைப் பிடித்து, ஒரு மயிரிழை பின்வாங்கிப் போல்ட்டை இறுக்குகிற கை எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் அந்தக் கை வைக்கிறது ஆரம்பப் புள்ளியை மட்டும்தான். அங்கிருந்து ஏறுகிற பாதையை வைப்பது எடையும் ஸ்பிரிங்கும் சவ்வும். பாதை அடைபட்டிருந்தால் ஆரம்பப் புள்ளியைத் திருப்பிச் சரிக்கட்ட முடியாது. வேகத்தில் இழுக்க வேண்டுமென்று முன்னே தள்ளி வைத்தால் காலையில் செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் எதிர்த்து உதைக்கும், டாப் கியரில் மெதுவாக இழுக்கும்போது தட்டும். தட்டுகிறதே என்று பின்னே தள்ளினால் சூடாகும். இந்த இழுபறியில் மாட்டிக்கொண்ட வண்டிகள்தான் ‘எந்த மெக்கானிக்கிட்டயும் சரிவராத’ வண்டிகள்.

அடுத்து, எலக்ட்ரானிக் கிட் போட்டவர்களிடம் ஒரு வார்த்தை. பாயிண்டுக்குப் பதிலாக அடித்தட்டில் உட்காருகிற சின்ன மாட்யூலை நீங்கள் வாங்கியிருந்தால், மாறியது சுவிட்சு மட்டும்தான். பாயிண்ட் தேய்வது, கருகுவது, இடைவெளி மாறுவது ஆகிய தொல்லைகள் போயின; நல்லதுதான். அட்வான்ஸ் இன்னமும் அதே பழைய எடைகளின் தயவில்தான் இருக்கிறது. எடை ஒட்டியிருந்த டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்யூலைப் போட்டால், தப்பான நேரத்தில் மிகத் துல்லியமாகப் பொறி வரும். நெதர்லாந்தில் தயாராகும் 123 இக்னிஷன் போன்ற முழு டிஸ்ட்ரிபியூட்டர் வேறு கதை. அதில் எடையும் ஸ்பிரிங்கும் இல்லை. சில்லுக்குள் பல அட்வான்ஸ் பாதைகள் பதிந்திருக்கும், வண்டிக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். வாங்க வசதி இருப்பவர் வாங்கட்டும். ஆனால் எந்தப் பாதையைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவு செய்யவும், உங்கள் பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் பொறித்த எண்கள்தான் வழிகாட்டி.

‘வேக்குவம் எதற்கு, ரேஸ் காரில் அது இல்லையே’ என்பவர்களுக்கு வோக்ஸ்வேகன் பீட்டிலின் அனுபவத்தைச் சொல்லலாம். பல வருஷத்து பீட்டில்களில் எடையே கிடையாது. அட்வான்ஸ் முழுவதும் வேக்குவத்தால்தான். அவற்றைக் கழற்றிவிட்டு, எடை மட்டும் உள்ள பாஷ் 009 டிஸ்ட்ரிபியூட்டரைப் போடுவது உலகம் முழுக்க ஒரு மோகமாக இருந்தது. விலை குறைவு, பராமரிப்பு குறைவு. போட்டவர்கள் கண்ட பலன், நின்ற இடத்திலிருந்து மிதித்ததும் வண்டி ஒரு நொடி மூச்சுப்பிடித்துத் திணறுவது. கார்புரேட்டரைத் திருகி அதை மறைக்கப் பார்த்தவர்கள் ஏராளம். ரேஸ் கார் பெரும்பாலும் மிதி முழுக்க அழுத்தியே ஓடுகிறது, அதற்கு வேக்குவம் தேவைப்படாது. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆரில் குடும்பத்தோடு மகாபலிபுரம் போகிறவர். உங்கள் பயணத்தில் முக்கால்வாசி நேரம் மிதி லேசாகத்தான் இருக்கும். வேக்குவம் யூனிட் உங்களுக்காகவே செய்தது.

இனி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

இன்ஜினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றி, ரோட்டாரை அது சுற்றும் திசையிலேயே விரலால் திருப்புங்கள். சில டிகிரி நகர வேண்டும், விட்டதும் தானாகப் பழைய இடத்துக்குச் சுருக்கென்று வர வேண்டும். நகரவே இல்லையென்றால் எடை ஒட்டியிருக்கிறது. நகர்ந்து அங்கேயே நின்றால் ஸ்பிரிங் அறுந்திருக்கிறது, அல்லது கேம் தண்டில் இறுகியிருக்கிறது. ரோட்டாரைப் பக்கவாட்டில் ஆட்டியும் பாருங்கள். தடதடவென்று ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது; நான்கு சிலிண்டருக்கும் பாயிண்ட் இடைவெளி நான்கு விதமாக இருக்கும், பொறி சிதறும். முதலில் அதைச் சரிசெய்தால்தான் மற்றது எதுவும் நிற்கும்.

வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கம் கழற்றி, நுனியைத் துடைத்துவிட்டு வாயால் உறிஞ்சுங்கள். அடித்தட்டு திரும்புவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நுனியை நாக்கால் அடைத்துப் பிடித்தால் தட்டு அப்படியே நிற்க வேண்டும். மெல்லத் திரும்பி வந்தால் சவ்வில் ஓட்டை. தட்டு திரும்பும்போது இன்னொன்றையும் பாருங்கள்: அசையும் தட்டிலிருந்து உடம்புக்குப் போகும் பின்னல் எர்த் ஒயர். நூல் போலிருக்கும் அது, வருஷக்கணக்கில் மடங்கி நிமிர்ந்து உள்ளே இழை இழையாக அறுந்திருக்கும். ஐடிலிங்கில் தொட்டுக்கொண்டிருக்கும், ஆக்சிலேட்டரைத் தொட்டதும் விட்டுவிடும். வண்டி குதிக்கும். பெட்ரோல் வரவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். சில ரூபாய் ஒயரில் தீர்கிற வியாதி இது.

பிறகு பாயிண்ட் இடைவெளி. 25டி4க்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இதை டைமிங் வைக்குமுன் செய்ய வேண்டும், பிறகு அல்ல. இடைவெளி கூடினால் பாயிண்ட் முந்தித் திறக்கும், டைமிங்கும் முந்தும், குறைந்தால் பிந்தும்.

கடைசியாக டைமிங் லைட். கிராங்க் புல்லியில் உச்சிக் கோடு ஒன்றுதான் இருக்குமென்றால், 30 டிகிரிக்கு நீங்களே இன்னொரு கோடு போட்டுக்கொள்ளலாம். புல்லியின் விட்டம் 14 செ.மீ. என்றால் சுற்றளவு 44 செ.மீ. அதை 360ஆல் வகுத்து 30ஆல் பெருக்கினால் 3.7 செ.மீ. சுற்றும் திசையில் உச்சிக் கோட்டுக்கு முன்னால் அந்தத் தூரத்தில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, முதல் சிலிண்டர் ஒயரில் கிளிப்பை மாட்டி, இன்ஜினை ஓடவிடுங்கள். வேட்டி நுனியும் சட்டைக் கையும் ஃபேன் பெல்ட்டிடம் பத்திரம். வெளிச்சத்தில் புல்லி நின்றாற்போலத் தெரியும். ஒருவரை ஆக்சிலேட்டரை மெல்ல ஏற்றச் சொல்லுங்கள். கோடு தத்தித் தாவாமல், நடுங்காமல், வேகத்தோடு சீராக நகர்ந்து, ஓரிடத்தில் போய் நிற்க வேண்டும். அசையாமல் நின்றால் எடை செத்தது. திடீரென்று குதித்தால் ஸ்பிரிங். ஒரே வேகத்தில் கோடு இங்குமங்கும் ஆடினால் புஷ். இப்போது வேக்குவம் குழாயை மறுபடி மாட்டி, மிதியை லேசாக வைத்தால் கோடு இன்னும் கொஞ்சம் முன்னே போகும். போனால் எல்லாம் நலம்.

ஒட்டிய எடைகளுக்குப் பெரும்பாலும் வைத்தியம் சுலபம். கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, துருவைத் துடைத்து, முளைகளில் மெல்லிய எண்ணெய் விட்டு மாட்டினால் பலது பிழைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சர்வீஸிலும் ரோட்டாரைப் பிடுங்கி, கேமின் தலையில் தெரியும் திருகின் மேல் சில சொட்டு எண்ணெய், அடித்தட்டின் துளை வழியாக எடைகளுக்குச் சில சொட்டு, கேமின் முகத்தில் துளி கிரீஸ். பாயிண்டில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. பழைய வண்டிக் கையேடுகளில் எல்லாம் இருக்கிற வரிதான் இது. பாயிண்டை மாற்றிவிட்டு மூடியை மாட்டுகிற அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

ஒரு சந்தேகம் நியாயமாக எழலாம். அன்றைய பெட்ரோலுக்குப் போட்ட கணக்கு இன்றைய பெட்ரோலுக்குச் செல்லுமா? அன்று நம் நாட்டில் கிடைத்தது ஆக்டேன் குறைந்த பெட்ரோல். இன்று சாதாரண பெட்ரோலிலேயே ஆக்டேன் கூடுதல், அதோடு எத்தனாலும் கலந்து வருகிறது. தட்டும் அபாயம் அன்றைவிடக் குறைவு. ஆகவே ஆரம்பப் புள்ளியை ஓரிரு டிகிரி நகர்த்தி, ஒரு மேட்டில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம். 25டி4இல் அதற்கென்றே ஒரு திருகு சக்கரம் உண்டு; போல்ட்டைத் தளர்த்தாமலே விரலால் திருகினால் கிளிக் கிளிக்கென்று நுணுக்கமாக நகரும். ஆனால் பாதையின் வடிவம் எரியறைக்கும் வால்வுக்கும் கம்ப்ரஷனுக்கும் ஏற்ப அமைந்தது. அதை மாற்றக் காரணம் இல்லை. புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் கிடைத்தது என்று வேறு வண்டி டிஸ்ட்ரிபியூட்டரைப் போடாதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். வெளியே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், ஓட்டையிலும் அழகாக உட்காரும், உள்ளே ஸ்பிரிங்கும் தடுப்பும் வேறாக இருக்கும். லூகாஸ் உடம்பில் ஐந்து இலக்க எண் பொறித்திருக்கிறது. முதலில் சொன்ன எம்.ஜி.பி.க்கு அது 40897. அந்த எண்தான் அதன் ஜாதகம்.

இன்றைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு காயில், கட்டளையிட ஒரு கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டரும் முதலில் கேட்பது அதே இரண்டு கேள்விகளை: கிராங்க் சென்சாரிடம் வேகம், மேனிஃபோல்டு சென்சாரிடம் பாரம். தட்டுகிறதா என்று கேட்கத் தனியாக ஒரு சென்சாரும் சேர்ந்திருக்கிறது. அத்தனையும் இல்லாமல், இரண்டு எடை, இரண்டு ஸ்பிரிங், ஒரு சவ்வு ஆகியவற்றை வைத்து ஒரு நொடிக்கு 133 முறை விடை சொன்ன ஒன்று உங்கள் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. அதை மதித்து நடத்துங்கள் என்பதே என் கோரிக்கை.

இவ்வளவுக்கும் பிறகு புதியதைத்தான் போடுவேன் என்றால் போடுங்கள், அது உங்கள் வண்டி. பழையதை மட்டும் காயலான் கடைக்கு அனுப்பாதீர்கள். உடம்பில் உள்ள எண், கேமின் அடியில் உள்ள எண், வேக்குவம் டப்பாவில் உள்ள எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழுவி, எண்ணெய் பூசி, அந்தத் தாளோடு சுற்றி வையுங்கள். என்றைக்காவது வண்டியை விற்கும்போது ஆர்.சி. புத்தகத்தோடு அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய வண்டிகளின் எலக்ட்ரிக்கல் வேலைக்காரன்